உள்ளேன் ஐயா

எக்செல்லைத் திறந்தால் கண்முன் விரியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி உண்டு. மேலே எழுத்து, இடப்பக்கம் எண். பி7 என்றால் இரண்டாவது நெடுவரிசை, ஏழாவது வரிசை. அந்தக் கட்டத்துக்குள் நீங்கள் மளிகைக் கணக்கு போட்டாலும் சரி, ராக்கெட்டுக்குக் கணக்கு போட்டாலும் சரி, அது பி7தான். பெயர் அப்படியில்லை. ஒரு கட்டத்துக்கோ, பத்துக் கட்டங்கள் சேர்ந்த கூட்டத்துக்கோ பெயர் வேண்டுமென்றால் ஒரு மனுஷன் உட்கார்ந்து வைக்க வேண்டும். இடது மேல்மூலையில் முகவரி காட்டும் சின்னப் பெட்டிக்குள் கிளிக் பண்ணி, பெயரை டைப் அடித்து, என்டர் தட்ட வேண்டும். நேம்டு ரேஞ்ச் என்பார்கள். பத்து வருஷமாக எக்செல்லில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

பெயர் வைப்பதற்கும் விதிகள் இருக்கின்றன. நடுவில் இடைவெளி கூடாது. எண்ணில் தொடங்கக்கூடாது. ஆங்கிலத்தின் ஆர், சி என்ற இரண்டு ஒற்றை எழுத்துகளைப் பெயராக வைக்கவே முடியாது. ரோ, காலம் என்பதற்கான சுருக்கமாக எக்செல் அவற்றைத் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, பெயர் பார்ப்பதற்கு முகவரி மாதிரி இருக்கக்கூடாது என்பது. இந்த விதியால் 2007-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை எக்செல்லில் 256 நெடுவரிசைகள்தான். 2007 பதிப்பில் அது 16,384 ஆனது. எழுத்துகள் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போய், எக்ஸ்எஃப்டி வரை நீண்டன. அதற்கு முன்னால் யாரோ ஒருவர் வருமான வரிக் கட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'டாக்ஸ்2006' என்று பெயர் வைத்திருந்தால், டி, ஏ, எக்ஸ் என்ற மூன்றெழுத்தில் இப்போது நிஜமாகவே ஒரு நெடுவரிசை வந்துவிட்டது. பெயர் முகவரியாகிப் போனது. பழைய கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது எக்செல் அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டுச் சமாளித்தது. ஆனால் மேக்ரோவுக்குள் மேற்கோள்குறிக்கு நடுவே எழுதியிருந்த பழைய பெயரை யாரும் மாற்றவில்லை என்றால், மேக்ரோ நேராக அந்தப் புது முகவரிக்குப் போகும். எங்கோ வலப்பக்கக் காட்டில் இருக்கும் ஒரு வெற்றுக் கட்டத்தைப் படித்துவிட்டு, வரி பூஜ்யம் என்று வந்து சொல்லும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயரும் இடமும் வேறு வேறு. இரண்டையும் கட்டிவைத்திருக்கிற கயிறு நாம் நினைப்பதைவிட மெல்லியது.

*

1979-ல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்த விசிகால்க்கில் 63 நெடுவரிசை, 254 வரிசை. எல்லாமே முகவரிதான். நான்கு வருஷம் கழித்து ஐபிஎம் பிசிக்கு வந்த லோட்டஸ் 1-2-3-ல் ரேஞ்சுகளுக்குப் பெயர் வைக்க முடிந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. லோட்டஸில் மேக்ரோ என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தெந்த விசைகளை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பதை ஷீட்டிலேயே ஒரு கட்டத்துக்குள் எழுதிவைப்பார்கள். அந்தக் கட்டத்துக்கு ஒரு பின்சாய்வுக் கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துப் பெயர் வைப்பார்கள். பிறகு ஆல்ட்டோடு அந்த எழுத்தைத் தட்டினால் கட்டத்தில் உள்ளது ஓடும். பெயர் வைத்தால்தான் அது மேக்ரோ. வைக்காதவரை வெறும் எழுத்து.

பெயரில்லாத ரேஞ்ச் என்ன செய்யும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன், அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று அது சொன்னது. செலவைக் குறைக்கச் சொன்ன பல அரசியல்வாதிகளுக்கு அது கையில் கிடைத்த கம்பு. 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்பு வேலைக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் எல்30 முதல் எல்49 வரை போயிருக்க வேண்டும். எல்44-லேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் வெளியே. ஆய்வில் வேறு குறைகளும் இருந்தன, விளைவில் அவைதான் பெரியவை. ஆனாலும் ஜனங்கள் மனதில் நின்றது இந்த ஐந்து கட்டங்கள்தான்.

'அந்த ரேஞ்சுக்கு எல்லா_நாடுகள் என்று பெயர் வைத்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது' என்று எக்செல் வகுப்பெடுக்கிறவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எல்லா_நாடுகள் என்று பெயர் வைத்துவிட்டு அதை எல்30:எல்44-க்கே காட்டியிருக்கலாமே? அப்போது தப்பு இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கும். முகவரியைப் பார்த்தால் ஒருவராவது சந்தேகப்படுவார். 'எல்லா நாடுகள்' என்று எழுதியிருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? பெயர் என்பது ஒரு வாக்கு. வைத்தவர் கொடுத்த வாக்கு. அது இன்னும் உண்மையா என்று பார்க்க ஒரே வழி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்பதுதான்.

எக்செல் மேக்ரோவில் அதற்கு மூன்று வரி போதும்.

ஃபார் ஈச் பெயர் இன் திஸ்ஒர்க்புக்.நேம்ஸ்
  டீபக்.பிரிண்ட் பெயர்.நேம், பெயர்.ரெஃபர்ஸ்டூ
நெக்ஸ்ட்

அதாவது, இந்தக் கோப்பில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடு, பெயரையும் அது சுட்டும் இடத்தையும் எழுது, அடுத்ததற்குப் போ. வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரிதான்.

*

2024-ன் நடுவில் நான் அப்படி ஓர் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஓனர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர். வாரக்கூலிக் கணக்கை எக்செல்லிலிருந்து புது சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும், சனி ஞாயிறு வந்து போனால் போதும் என்று கூப்பிட்டார். கோப்பை ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தவர் அங்கே கணக்கெழுதிக்கொண்டிருந்த ஓர் அம்மா. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் கணக்கக்கா. 2023 ஜனவரியில் கண் பார்வை மங்கி வேலையை விட்டுப் போயிருந்தார். (ஆட்களின் பெயர்களை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. பெயர்களைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் அவர்களைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை.)

கணக்கக்கா பிகாம். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் அந்தக் கோப்பைத் திறந்த அரைமணி நேரத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எந்தச் சூத்திரத்திலும் மொட்டை முகவரி இல்லை. எல்லாம் பெயர். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்த பெயர்கள். ரேட்_ஓவர்லாக், ரேட்_பேட்லாக், ரேட்_செக்கிங், ரேட்_கைமடி என்று பீஸ் ரேட்டுகள். இஎஸ்ஐ என்ற பெயர் எந்தக் கட்டத்தையும் சுட்டவில்லை, நேராக 0.0075 என்ற எண்ணையே சுட்டியது. 2019 ஜூலையில் தொழிலாளியின் இஎஸ்ஐ பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகக் குறைந்தபோது அவர் ஒரே ஓர் இடத்தில்தான் எண்ணை மாற்றியிருப்பார். நான் வேலை பார்த்த ஐடி கம்பெனிகளில் இந்த ஒழுங்கைப் பார்த்தது குறைவு.

அப்புறம் சிறுவாடு.

சிறுவாடு_001, சிறுவாடு_002 என்று ஒரு பெரிய பட்டியல். ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று. கூலியை ரொக்கமாகக் கொடுத்த காலத்தில், சனிக்கிழமை சாயந்திரம் சில்லறைக்கு அல்லாடாமல் இருப்பதற்காக ஐம்பது ரூபாய்க்குக் கீழே வருகிற மிச்சத்தை நிறுத்திவைப்பார்களாம். 3,237 வந்தால் கையில் 3,200. மீதி 37 அந்த ஆளின் சிறுவாட்டில் ஏறும். தீபாவளிக்கு போனஸோடு சேர்த்து மொத்தமாகக் கொடுப்பார்கள். 2016 நவம்பரில் ஐநூறு, ஆயிரம் நோட்டு செல்லாமல் போனபிறகு முக்கால்வாசிப் பேருக்குக் கூலி பேங்க்குக்குப் போக ஆரம்பித்தது. ரூபாய் பைசா சுத்தமாகவே போட்டிருக்கலாம். ஆனால் "சிறுவாடு இருக்கட்டுங்க, அது ஒண்ணுதான் வூட்டுக்காரருக்குத் தெரியாம நிக்குது" என்று பெண்கள் சொன்னதால் விட்டுவிட்டார்கள்.

என் லூப் 187 பெயர்களைக் காட்டியது. எக்செல்லின் நேம் மேனேஜரைத் திறந்தால் 120 தான் தெரிந்தது. 67 பெயர்கள் ஒளிந்திருந்தன. அதில் மூன்று, ஃபில்டர் போடும்போது எக்செல் தானே உண்டாக்கிக்கொள்கிற பெயர்கள். மிச்சம் 64-ம் சிறுவாடு. ஒரு பெயருக்கு விசிபிள் என்று ஒரு பண்பு உண்டு. மேக்ரோ வழியாக அதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் நேம் மேனேஜரில் அது தெரியாது. ஆனால் லூப்புக்குத் தெரியும்.

சிறுவாடு மொத்தம் 148. அதில் 61 பேர் இப்போது வேலையில் இருக்கிறவர்கள். 64 ஒளித்துவைத்தவை. மீதி 23 பெயர்களுக்கு எதிரே லூப் எழுதியது ஒரே விடை: #ரெஃப்!

எக்செல் பழகியவர்களுக்கு இந்தச் சொல்லைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். சுட்டிய இடம் இப்போது இல்லை என்று அர்த்தம். கட்டம் காலியாக இருந்தால் இது வராது. கட்டமே வெட்டி எறியப்பட்டிருந்தால்தான் வரும். பெயர் இருக்கிறது. இடம் இல்லை.

இப்படிச் செத்த பெயர்களைத் துடைப்பதற்கு எக்செல்காரர்கள் எல்லோரிடமும் ஒரு குட்டி மேக்ரோ இருக்கும். ஒவ்வொரு பெயராகப் போய், #ரெஃப்! என்று இருந்தால் அழித்துவிடும். எண் போட்டுச் சுற்றினால் கடைசியிலிருந்து முன்னால் வர வேண்டும் என்பது அதில் உள்ள ஒரே சூட்சுமம். மூன்றாவது பெயரை அழித்தால் நாலாவது மூன்றாவதாகிவிடும், லூப் அதைத் தாண்டிப் போய்விடும். கோப்பு மாற்றும் வேலையில் வழக்கமாக முதல் நாளே இதை ஓட்டிவிடுவார்கள். வீட்டைக் காலி பண்ணும்போது பெருக்குவது மாதிரி. புது சாஃப்ட்வேர் விற்றவர்களின் கையேட்டிலும், "கோப்பைச் சுத்தம் செய்துவிட்டு ஏற்றவும்" என்று போட்டிருந்தது.

நான் பெருக்கவில்லை. 23 என்பது குப்பைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கணக்கக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

*

"சொல்லுங் தம்பி" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஆளு நின்னுட்டா என்ன பண்ணோணும்னு எழுதிக் குடுத்துட்டுத்தானுங் வந்தேன். சிறுவாட்டக் கையில குடுத்துப்போட்டு, கையெழுத்து வாங்கிப்போட்டு, பேர மறைச்சு வைக்கோணும். லைன அழிக்கக் கூடாது. லைன் போனா பணம் போச்சுங் தம்பி. அதுக்குத்தான் பேரு வச்சது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறைந்திருந்த 64 பேரும் கணக்கு முடித்துக்கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். தெரிகிற 61 பேர் இருப்பவர்கள். இந்த 23 பேர், கணக்கக்கா போனபிறகு நின்றவர்கள். வேறொருவர் அவர்களுடைய வரிசையை ரைட் கிளிக், டிலீட் என்று எடுத்துவிட்டிருக்கிறார். வரிசையோடு சிறுவாட்டுத் தொகையும் போய்விட்டது.

"நம்பர்தான் இருக்கு அக்கா. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பேருக்குப் பக்கத்துல கமெண்ட்டுன்னு ஒண்ணு இருக்குமே, பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. 2007 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பெயரோடும் ஒரு குறிப்பு எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். அதை நிரப்பிய ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. லூப்பில் இன்னொரு சொல்லைச் சேர்த்தேன்: பெயர்.கமெண்ட். ஓட்டினேன்.

ஆட்கள் வந்தார்கள். பெயரும் ஊரும் வேலையும். 'ஓவர்லாக். தேனிப் பக்கம். அண்ணன் நம்பர் குடுத்திருக்குது.' 'செக்கிங். ஒடிசா. பேங்க் இல்லை, கையில்தான் குடுக்கணும்.' 'கைமடி. புருசன்கிட்டக் குடுக்க வேண்டாம்.' கட்டம் அழிந்தால் குறிப்பு அழியாது. அது பெயரோடு ஒட்டிக்கொண்டது, இடத்தோடு அல்ல. துடைப்ப மேக்ரோவை ஓட்டியிருந்தால் அந்த 23 பேர் அங்கே வேலை பார்த்ததற்குக் கோப்பில் இருந்த கடைசித் தடயமும் போயிருக்கும்.

*

இதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வாரம் சனிக்கிழமை மேக்ரோவைத் திறந்து படித்தேன்.

கணக்கக்கா எழுதிய மேக்ரோவும் ஒரு லூப்தான். பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும். மறைந்திருந்தால் விட்டுவிடும். சிறுவாடு என்று தொடங்கினால், அந்தப் பெயர் சுட்டும் கட்டத்தை ஒரு கையில் பிடித்துக்கொள்ளும். கட்டத்துக்கு இடப்பக்கம் இந்த வார மிச்சம் இருக்கும். அதை எடுத்துக் கட்டத்தில் ஏற்றும். அடுத்தது.

செத்த பெயர் வந்தால் என்ன ஆகும்? கட்டத்தைப் பிடிக்கப் போகும், கட்டம் இருக்காது, 1004 என்று ஒரு பிழையைக் காட்டி மேக்ரோ நின்றுவிடும். நிற்பதுதான் நியாயம். கூப்பிட்ட ஆள் வரவில்லை, என்ன ஆயிற்று என்று பார், என்கிறது. ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் அறுபது பேர் கூலிக்கு நிற்கும்போது 1004-ஐப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? யாரோ மேக்ரோவின் தலையில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ.

அடுத்த பெயருக்கு இல்லை, அடுத்த வரிக்கு. வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. 42-ம் நம்பரின் கட்டத்தைப் பிடிக்கப் போய் முடியாமல் போனால், மேக்ரோவின் கை வெறுங்கையாக இருக்காது. அதற்கு முன்னால் பிடித்த 41-ம் நம்பரின் கட்டம் அப்படியே கையில் இருக்கும். அடுத்த வரி, 'கையில் இருக்கும் கட்டத்தில் மிச்சத்தை ஏற்று' என்று சொல்லும். ஏற்றும். 41-க்கே மறுபடி.

காலேஜில் படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ப்ராக்சி. 42-ம் ரோல் நம்பர் வகுப்புக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 41, குரலை மாற்றி, "உள்ளேன் ஐயா" என்பான். வாத்தியார் தலையைத் தூக்காமல் டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். அட்டெண்டன்ஸ் நிரம்பிவிடும். பெஞ்சு காலியாக இருக்கும். இங்கே ஒரே வித்தியாசம், 41-ம் நம்பர் அக்காவுக்குத் தான் ப்ராக்சி கொடுத்தது தெரியாது.

அவருக்கு அடுத்திருந்த 42, 43 இரண்டும் செத்த பெயர்கள். ஆக வாராவாரம் அவருடைய மிச்சம் மூன்று தடவை ஏறியது. 2023 தீபாவளிக்கு மற்றவர்களுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு. அவருக்கு 2,850. இப்படிக் கூடுதலாக வாங்கியவர்கள் 17 பேர்.

பீரோவில் சனிக்கிழமை பிரிண்ட் அவுட்டுகள் வாரவாரியாகக் கோத்துவைத்திருந்தன. கணக்கக்கா ஏற்படுத்திய பழக்கம், அதை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு நாள் அதை வைத்துக் கணக்குப் போட்டேன். போன 23 பேருக்கும் சேர வேண்டியது 13,950 ரூபாய். 17 பேருக்கு 2023-ல் கூடுதலாகப் போனது 11,240. இரண்டும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டன. 2022 தீபாவளியின் சிறுவாட்டு மொத்தத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே தெரியாது. மொத்தத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வழியில்லை. மொத்தம் சரியாக இருந்தது. ஆட்கள்தான் தப்பு.

*

ஓனரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர். "பதினாலாயிரத்துக்கு ரெண்டு வாரமா ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களே தம்பி" என்று சிரித்தார். பிறகு, "சரி, அந்தப் பதினேழு பேருகிட்டப் பிடிச்சு இவங்களுக்குக் குடுத்துட்டாச் சரியாப் போச்சு" என்றார். கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் அது அப்படி இல்லை. போனவர்களின் பணம் 17 பேரிடம் போகவில்லை. அது கம்பெனியிலேயே நின்றுவிட்டது, யாருடைய கணக்கிலும் இல்லாமல். 17 பேருக்குப் போனது, அவரவர் மிச்சமே திரும்பத் திரும்ப எண்ணப்பட்டதால் கம்பெனி கையிலிருந்து போன பணம். இரண்டும் வேறு வேறு பிழை. ஒன்றைக் கொண்டு மற்றதை அடைத்தால், மறுபடியும் மொத்தம் சரியாகிவிடும், அவ்வளவுதான். பேப்பரில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப ரெண்டும் நம்ம தலையிலயா?" என்றார். "ஆமாங்ணா" என்றேன்.

அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லை. 2024-க்கு ஏறிக்கொண்டிருந்ததைத் திருத்தினால் 17 பேருடைய சிறுவாடும் திடீரென்று குறையும். அதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும். 41-ம் நம்பர் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஓவர்லாக் மெஷினில் இருந்து எழுந்து வந்தவர், முடியில் பஞ்சு ஒட்டியிருக்க, நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"போன தீவாளிக்கே நான் கேட்டனுங்க. என்ற கணக்குல இத்தன வராதுன்னு. சிஸ்டம் சொல்றதுதான், வாங்கிக்கங்கக்கான்னாங்க. அது யாரு காசோன்னு ஒரு மாசம் செலவே பண்ணல."

யார் காசும் இல்லை, உங்கள் காசையே மூன்று தடவை எண்ணிவிட்டார்கள் என்று விளக்கினேன். அவருக்கு முழுக்கச் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. "அந்த 42-ம் நம்பரு எம்பக்கத்து மெஷின்தானுங்க. தேனிப் புள்ள. அதுக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்டார். ஓனர் மேஜைமேல் இருந்த பேப்பரைப் பார்த்தபடி, "குடுத்தரலாம் அம்மிணி" என்றார். அதுதான் முடிவு. 17 பேரிடம் எதுவும் பிடிக்கவில்லை. 23 பேருக்கும் கொடுப்பது என்று ஆயிற்று.

கணக்கக்காவின் குறிப்புகளை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தோம். தேனி அண்ணனின் நம்பர் வேலை செய்தது. சிலரைப் பக்கத்துக் கம்பெனிகளிலேயே கண்டுபிடித்தோம்; திருப்பூரில் ஆள் ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குத்தான் போவார்கள். பெரும்பாலும் ஜிபேயில் போய்விட்டது. ஒருவர் எதற்கென்றே தெரியாமல் 540 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். மறுபடி ஃபோன் பண்ணிச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. 'புருசன்கிட்டக் குடுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்த பெண்ணுக்கு 41-ம் நம்பர் அக்கா நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தீபாவளிக்குள் 16 பேர் முடிந்தது. ஏழு பேர் கிடைக்கவில்லை. ஃபோன் நம்பர்கள் வேறு யாருக்கோ மாறியிருந்தன. குறிப்பில் மாநிலம் மட்டும் இருந்தது.

புது சாஃப்ட்வேரில் ஆளை நீக்கும் பட்டனை, பாக்கி பூஜ்யமாகாதவரை அமுங்காதபடி செய்துவிட்டேன். வாரக்கூலி போடும் நிரலில் ஒருவருடைய கணக்கு கிடைக்காவிட்டால் அது அங்கேயே நிற்கும், யாருக்காக நிற்கிறது என்று பெயரைச் சொல்லும். சனிக்கிழமை ரிப்போர்ட்டின் தலையில், இருக்கிறவர்களின் பட்டியலுக்கு முன்னால், அந்த ஏழு பேரும் கணக்கக்காவின் குறிப்போடு வருவார்கள். கூலி போடுகிறவர் முதலில் அவர்களைத் தாண்டித்தான் கீழே போக முடியும். புதிதாக வந்த கணக்குப்பிள்ளைக்கு இது எரிச்சல். "இந்த ஏழு பேரை எடுத்துடலாமா சார், பிரிண்ட்ல ஒரு பக்கம் எக்ஸ்ட்ரா போகுது" என்று இரண்டு தடவை மெசேஜ் போட்டார். கொடுத்தால் தானாகவே போய்விடும் என்று பதில் போட்டேன்.

பொங்கல் கழிந்து ஒடிசாவிலிருந்து ஒருவர் பழைய சீட்டில் மறுபடி வேலை கேட்டு வந்தாராம். பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர். அவர் சொல்லி அவருடைய ஊர்க்காரர் ஒருவரின் நம்பரும் கிடைத்தது.

இப்போது ஐந்து பேர்.